அரையடி பின்னால் விழுந்த ஒளி

ஒளியைப் பதிவு செய்ய ஓர் உடல் வேண்டும். வெற்று மேடையில் விளக்கைத் திருப்பினால் ஒளி தரையில் வட்டமாகக் கிடக்கும். அது முகத்துக்கு எட்டுமா, எட்டினால் போதுமா, மிகுமா என்பதை எவரும் சொல்ல இயலாது. எனவே நடிகர் நிற்க வேண்டிய இடத்தில் ஒருவர் நின்றாக வேண்டும். அவர் பேச வேண்டியதில்லை, அசையாதிருந்தால் போதும். விளக்குகளை இயக்குபவர் அரங்கின் பின்புறத்திலிருந்து ஒவ்வொன்றின் ஒளியையும் ஏற்றியும் இறக்கியும், கற்றையைத் திருப்பியும் பார்ப்பார். நிறைவு தோன்றியதும் ஒரு பொத்தானை அழுத்துவார். அந்நிலை ஓர் எண்ணோடு இயந்திரத்தின் நினைவில் தங்கிவிடும். நாடக நாளன்று 'கோ' என்னும் பொத்தானை அழுத்த அழுத்த, அந்நிலைகள் வரிசை பிறழாமல் மேடையில் வந்திறங்கும். இவற்றை அவர்கள் 'கியூ' என்பார்கள். நான் ஒளிநிலை என்றே எழுதி வந்தேன். என் சொல்லை அங்கு ஒருவரும் ஏற்கவில்லை.

சித்தூரில் இயங்கும் எங்கள் தமிழ் மன்றத்துக்காக நான் ஒரு நாடகம் எழுதியிருந்தேன். பெற்ற மகனாலேயே கோபுரத்தில் அடைக்கப்பட்டு அங்கேயே மடியும் ஓர் அரசியின் கதை. மன்றத் தலைவர் மாம்பழக் கூழ் ஆலை ஒன்றின் உரிமையாளர். நாடகத்தின் இயக்குநரும் அவரே. ஆலை வாயிலில் வந்திறங்கும் பழங்களில் அழுகலைத் தேடிப் பழகிய கண் அவருடையது. மனிதரைப் பார்க்கும்போதும் அக்கண் வேறு எதையும் தேடியதாக எனக்குத் தோன்றியதில்லை. அரசியாக நடிக்கச் சென்னையிலிருந்து ஒரு தொலைக்காட்சித் தொடர் நடிகை இசைந்திருந்தார். அரங்கேற்றம் திருப்பதியில். அந்நகரின் பேருந்து நிலையம் தொடங்கி அரங்க வாயில் வரை அந்நடிகையின் முகம் சுவர்களில் ஒட்டப்பட்டிருந்தது.

ஒளிப் பதிவுக்கென அரங்கை இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். விளக்குகளை இயக்கியவர் திருப்பதிக்காரர்; தெலுங்கர். தமிழ் காதில் விழுந்தால் பாதி விளங்கும், எழுத்து அறியார். ஆகவே நாடகப் படியைக் கையில் ஏந்தி அவருக்கு அருகில் நான் அமர்ந்தேன். ஒளி மாற வேண்டிய சொல் வந்ததும் அவர் தோளில் ஒருமுறை தட்டுவேன். அவர் பொத்தானை அழுத்துவார். காட்சி ஓடும்போது எங்களுக்குள் அமைந்த மொழி அந்தத் தட்டு ஒன்றுதான்.

முதல் ஞாயிறு நடிகை வரவில்லை. "ராணி எங்க மேஷ்டாரு? மனுசி இல்லாம கியூ பண்ண முடியாது" என்றார் அவர்.

இயக்குநர் மேடையைக் கண்ணால் துழாவினார். அரசியின் தோழியாக நடிக்க இருந்த பெண் ஓரத்தில் நின்றிருந்தார். தடாவில் குடியிருப்பவர், ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் உதிரிப் பாகங்களைச் சோதித்துத் தேர்ந்தெடுக்கும் வேலை. வாரத்துக்கு ஒருநாள் கிடைக்கும் ஓய்வைப் பேருந்தில் கழித்துத் திருப்பதிக்கு வந்து போனார். கருநிறம், குட்டை உருவம். நாடகத்தில் அவருக்கு வாய்த்தவை நான்கு வரிகள். அவற்றில் மூன்று "ஆம், அரசி" என்பன.

"ஏம்மா, சும்மாதானே கீற? அந்த மார்க்ல போய் நில்லு."

"எம்மா நேரம் சார்?"

"நான் சொல்ற வரைக்கும். பேசக் கூடாது. நீ இப்ப ஆளு இல்ல, கம்பம்."

மேடையில் இருந்தோர் சிரித்தனர். அன்று மாலைக்குள் அனைவரும் அவரைக் கம்பம் என்றே அழைக்கலாயினர். "கம்பம், கொஞ்சம் லெப்ட்ல வா." "கம்பத்துக்கு டீ குடுத்தாச்சா?" "கம்பம் கண்ணு சிமிட்டுதுடா, டோய்!" அப்பெண்ணும் சிரித்தார். வேறு என்ன செய்வார்?

ஒளி இயக்குபவர் மட்டும் அவரை அக்கா என்றழைத்தார். அதனால் அவரை நல்லவர் எனக் கொள்ள வேண்டியதில்லை. அவர் எல்லாப் பெண்களையும் அப்படித்தான் அழைத்தார். விளக்கைக் குவிக்கும்போது அப்பெண்ணின் கண்களையே கேட்டறிந்தார்.

"அக்கா, கண்ணு கூசுதா?"

"இல்லீங்க."

"அப்ப மொகத்துல லைட் இல்ல. வெனக்கி, ஒரு அடுகு." பின்னால் ஓர் அடி வைக்கச் சொல்கிறார் என்பதை அவர் கையசைவிலிருந்தே எவரும் உணரலாம். "இப்ப?"

"ஆங், கூசுது. கண்ணே தெரியல."

"கண்ணு கூசினாதான் ஜனம் உங்கள பாக்குது. ஞாபகம் வச்சுக்கோங்க." பின்னர் விளக்கின் மூக்கைத் தாழ்த்தி, அடையாளம் ஒட்டிய இடத்திலேயே அவர் கண் கூசும்படி செய்து, பதிவு செய்தார்.

அப்பெண்ணின் நிறத்துக்கு ஒளி போதவில்லை என்று ஒவ்வொரு நிலையிலும் சற்றே ஏற்றினார்கள். அவர் உயரத்துக்கு ஏற்ப ஒவ்வொரு கற்றையும் தாழ்ந்தது. அரசி அரியணையில் அமர்வது, மகனைச் சபிப்பது, படியேறுவது யாவும் அந்த உடலின் மீதே பதிவாயின. இறுதிக் காட்சிக்கு ஒரே விளக்குதான். கோபுரச் சாளரத்தின் வழியே அரசியின் முகத்தில் மட்டும் விழும் குறுகிய கற்றை, சுற்றிலும் இருள். அக்காட்சியில் அரசி பேசுவதை நான் படியைப் பார்த்துப் படிக்க, அதற்கேற்ப ஒளியை மெல்லக் குறைக்க வேண்டும். எனக்கு இருமல் வந்து நிறுத்தினேன். மேடையிலிருந்து ஒரு குரல் விட்ட இடத்தில் தொடங்கித் தொடர்ந்தது.

"இச்சாளரம் என் கையகலமே, ஆயினும் இதன் வழியே நான் கண்ட ஊர் அனைத்தும் என்னுடையது."

பிழை ஒன்றும் இல்லை. ழகரம் ழகரமாகவே ஒலித்தது. நான்கு வரிகளுக்காக அழைக்கப்பட்டவர், ஒத்திகைகளில் நான் படிக்கக் கேட்டுக் கேட்டே அரசியின் பகுதி முழுவதையும் மனனம் செய்திருந்தார். நான் தோளில் தட்ட மறந்தேன். ஒளி இயக்குபவரும் அழுத்த மறந்தார்.

இயக்குநர் இருக்கையிலிருந்து கைதட்டினார். "பார்ரா, கம்பம் பேசுது! சரிம்மா, அந்த அம்மா வரலன்னா நீதான் ராணி. போதுமா?"

மீண்டும் சிரிப்பு. இம்முறை அப்பெண் சிரிக்கவில்லை. பதிவு முடிந்ததும் படிக்கட்டில் என்னை நிறுத்திக் கேட்டார்.

"ஐயா, அவரு மெய்யாலுமே சொன்னாரா?"

"எதை?"

"அவங்க வரலன்னா நான்தான்னு."

"சொன்னது என் காதிலும் விழுந்தது. பொருள் அவருக்குத்தான் தெரியும்."

"எங்க வூட்டாண்ட இத நம்ப மாட்டாங்க ஐயா. ஞாயித்துக்கெழம ஆனா எங்க போறன்னு சண்ட. கம்பெனில எங்க லைன் பொண்ணுங்களும் சிரிக்குதுங்க. நீ என்னா வேசம், வாசக் கூட்றவளான்னு." சற்று நேரம் படிக்கட்டின் கைப்பிடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "ஒரு தபா பாத்துட்டாங்கன்னா போதும் ஐயா. என் மூஞ்ச அங்க, அந்த வெளிச்சத்துல."

அடுத்த ஞாயிறும் நடிகை வரவில்லை. அப்பெண் வந்தார், நின்றார், எஞ்சிய நிலைகளும் பதிவாயின. வீட்டிலும் தொழிற்சாலையிலும் தாமே அரசி என்று சொல்லிவிட்டதாக அன்று என்னிடம் கூறினார். அவருடைய கணவரும் உடன் வேலை செய்யும் பெண்களும் வாடகைக்கு ஒரு வேன் பிடித்து வரப்போவதாகவும் கூறினார்.

அரங்கேற்றத்துக்கு முந்தின நாள் நடிகை வந்தார். உயரமான பெண், வெளுத்த நிறம். அடையாளத்தில் அவர் நின்றதும் ஒளி முழுவதும் அவருடைய கழுத்திலும் அட்டிகையிலும் கொட்டியது. முகம் இருளில் இருந்தது. குனிந்து பார்த்தார், முகத்தில் ஒளி பட்டதும் மாவு பூசியதுபோல் வெளிறிப் பல்லும் கண்ணும் தெரியாமல் போயின.

"என்ன சார் இது, கல்லு சுடற மாதிரி எரியுது? யாருக்கு செட் பண்ணீங்க இத?"

எவரோ தோழியைச் சுட்டினார். நடிகை அப்பெண்ணை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "ஓ. அதான் இவ்ளோ லைட் தேவப்பட்டுச்சா" என்றார். தீய எண்ணத்தோடு சொன்னார் என்றுகூட நான் எண்ணவில்லை. சோர்வாக இருந்தார்; தண்ணீர் கேட்டார்; அவ்வளவே.

"அரசி சம்பந்தப்பட்டதெல்லாம் மாத்து" என்றார் இயக்குநர்.

ஒவ்வொரு கற்றையும் உயர்த்தப்பட்டது. ஒவ்வோர் ஒளியும் தணிக்கப்பட்டது. பழைய நிலையின் மீது புதியதை எழுதும்போது அந்த இயந்திரம் ஒருமுறை உறுதி கேட்கும். ஒளி இயக்குபவர் ஆமென்று அழுத்திக்கொண்டே போனார். அவ்வளவு நேரமும் தோழி மேடையோரத்தில் நின்று நடிகையின் துப்பட்டாவைப் பிடித்திருந்தார். ஒவ்வோர் அழுத்தலுக்கும் மேடையில் ஒளி சற்றே எழும்பித் தணிவது தெரியும். தாம் நின்று பெற்றவை ஒன்றன்பின் ஒன்றாகப் போவதை அவரைப்போல் அறிந்தவர் அங்கு வேறெவரும் இல்லை.

"பழசு மொத்தமா போச்சா?" என்று நான் கேட்டேன்.

"லேது மேஷ்டாரு. பழைய பைல தனியா காப்பி போட்டு வச்சேன். எப்பவும் வைப்பேன். ரெண்டும் எனக்கு ஒண்ணுதான்."

மறுநாள் பிற்பகல் சென்னையிலிருந்து தொலைபேசி வந்தது. நடிகைக்குத் திடீரெனப் படப்பிடிப்பு. முந்தின இரவே திரும்பிப் போயிருந்தார். வர இயலாது. இயக்குநர் ஒப்பனை அறையின் நடுவில் நின்று வசைமாரி பொழிந்தார். பின்னர் தோழியை அழைத்தார்.

"உனக்குதான் எல்லாம் மனப்பாடமாச்சே. ராணி டிரெஸ் போடு."

அப்பெண்ணின் முகத்தைப் பார்க்க நான் விரும்பவில்லை, ஆயினும் பார்த்தேன். "தோழி யாரு சார்?" என்று அவர் கேட்டதுதான் எனக்கு வியப்பு.

"தோழி இல்லாத ராணியா இருந்துட்டுப் போயேன். ஊர்ல எல்லா ராணிக்கும் தோழி இருந்தாளா?"

ஆடையின் கீழ்ப்புறத்தை மடித்துத் தைத்தார்கள். கிரீடத்தை ஊசி குத்தி இறுக்கினார்கள். பார்வையாளருக்குப் பின்னால் உயரத்தில் இருந்த விளக்கறைக்கு நான் ஏறினேன். இயக்குநரும் பின்னாலேயே வந்தார்.

ஒளி இயக்குபவர் திரையைக் காட்டினார். "சார், ஆ அக்காதானே நிக்குது? பழைய பைல் லோட் பண்ணவா? கரெக்டா மொகத்துல வுழும்."

"வேணாம். புதுசே ஓடட்டும்."

"இதுல மொகம் தெரியாது சார். தலைக்கு மேல போயிடும்."

"தெரிய வேணாம்னுதான் சொல்றேன். வெளில என்னா போஸ்டர் ஒட்டியிருக்கு? விளம்பரம் குடுத்தவன்லாம் மொத வரிசைல ஒக்காந்துக்கினு கீறான். கிரீடம் தெரியட்டும், டிரெஸ் தெரியட்டும், கொரல் கேக்கட்டும். எவன் கண்டான்?"

"முகமில்லாத அரசியை நான் எழுதவில்லை" என்றேன்.

"ஐயா, உங்க தமிழு காதுலதானே வுழணும்? வுழும். பேசாம ஒக்காருங்க."

பின்னர் கீழே சென்று அப்பெண்ணிடம், ஒளியெல்லாம் அவர் நின்று பதிவானபடியே இருப்பதாகவும் அடையாளத்தை விட்டு அணுவளவும் அசையக்கூடாது என்றும் இயக்குநர் கூறியதைப் பிற்பாடுதான் அறிந்தேன்.

திரை விலகியது. முதற் காட்சிகளில் மேடை முழுவதும் பொதுவான ஒளி இருந்தமையால் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. அரசியின் மார்பு வரை வெளிச்சம், முகம் மங்கல். பின்வரிசைக்கு அது ஒரு முகம், அவ்வளவுதான். ஆயினும் முதல் தனி ஒளிநிலையில், அடையாளத்தில் நின்ற அப்பெண்ணின் தலை ஒரு நொடி நிமிர்ந்தது. கண் கூசவில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது. அதன்பின் ஒவ்வொரு நிலையிலும் அவர் முகம் சிறிது சிறிதாக மேல்நோக்கித் திரும்பியது. நான் தோளில் தட்டினேன்; ஒளி மாறியது; அவர் தலைக்கு மேலாகப் பாய்ந்து பின்திரையில் விழுந்தது. குரல் மட்டும் தளரவில்லை. மகனைச் சபித்தபோது முன்வரிசையில் விசிறிகூட அசையவில்லை.

இறுதிக் காட்சி. நான் தட்டினேன். எல்லாம் இருண்டு, சாளரத்தின் வழியே அந்தக் குறுகிய கற்றை மட்டும் இறங்கியது. கிரீடத்தின் நுனி மின்னியது. கீழே இருள். "இச்சாளரம் என் கையகலமே" என்றது இருள்.

அப்போது அவர் அரையடி பின்னால் வைத்தார்.

மேலிருந்து சரிந்து வரும் ஒளி, பின்னால் போகப் போகத் தாழும். அரையடியில் அது அவர் முகத்துக்கு வந்து சேர்ந்தது. நெற்றி, கண்கள், வாய். கண்களை அவர் இறுக மூடித் திறந்தார், கூசியது. நான் எழுதிய அரசியை எழுதிய நாள் தொட்டு அன்றுதான் கண்டேன்.

முன்வரிசையில் ஒரு குரல் எழுந்தது. "ஏய், இது அந்தம்மா இல்லையே?"

இயக்குநர் எங்களுக்குப் பின்னால் நின்றிருந்ததை நான் அறியவில்லை. எனக்கும் ஒளி இயக்குபவருக்கும் நடுவே ஒரு கை நீண்டு வந்து, அந்த விளக்கை ஏற்றியிறக்கும் பிடியை அடிவரை இழுத்தது.

அப்பெண் அடுத்து என்ன செய்தார் என்பது அரங்கில் வேறெவருக்கும் தெரிய வழியில்லை. விளக்கறையின் உயரத்திலிருந்து, வெளியேறும் வழியைக் காட்டும் பச்சைப் பலகையின் மங்கலில், நான் மட்டும் கண்டேன். பேசிக்கொண்டே மற்றோர் அரையடி பின்னால் போனார். பிறகு முன்னால் வந்தார். இடப்புறம் நகர்ந்தார். வரி தவறாமல், சொல் குழறாமல், முகத்தை உயர்த்தி உயர்த்தி, இருளுக்குள் தம் கண் எங்கே கூசும் என்று தேடினார். கடைசிச் சொல் முடிந்தது. திரை மூடியது.

கைதட்டல் நெடுநேரம் ஓயவில்லை. ஓய்வுபெற்ற அலுவலர் ஒருவர் என் கைகளைப் பற்றிக்கொண்டார். "முகத்த ஒரே ஒரு கணம் காட்டிட்டு மறைச்சீங்களே! சாவ இதவிட நயமா எவனும் காட்ட முடியாது." நான் வணங்கி நகர்ந்தேன்.

நடிகர்கள் வரிசையாக வந்து வணங்கினர். அரசி வரவில்லை. நடிகைக்கு அவசரமாகச் சென்னை செல்ல வேண்டியிருந்ததால் நாடகம் முடிந்த உடனேயே புறப்பட்டுவிட்டார் என்று இயக்குநர் ஒலிபெருக்கியில் அறிவித்து, அவருக்குரிய பொன்னாடையைத் தம் கையிலேயே பெற்றுக்கொண்டார். அவ்வரிசையின் கடைசியில், தோழியின் நீலச் சேலையில் அப்பெண் நின்றிருந்தார். மாற்றிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். நெற்றியில் கிரீடம் அழுத்திய வடு அழியாதிருந்தது.

அரங்க வாயிலில் வேன் நின்றிருந்தது. கணவர் இடுப்பில் கைவைத்து நின்றார். உடன் வேலை செய்யும் பெண்கள் வேனுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தனர்.

"ராணின்னு சொன்ன?"

"நான்தான்யா ராணி."

"அது டிவில வர்றவங்க. மைக்லயே சொன்னான். நீ வேலைக்காரியாக்கூட வரல. கடைசில வந்து கும்புடு போட்ட, அவ்ளோதான்."

வேனுக்குள் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். "அக்கா, நோட்டீஸ்ல தோழின்னு போட்ருக்குதே. தோழியே வரலியே!"

நான் அருகில் சென்றேன். நாடகத்தை எழுதியவன் நான் என்றும், தொடக்கம் முதல் முடிவு வரை அரசியாக நடித்தவர் இவரே என்றும், ஒளி தவறியதால் முகம் தெரியாமல் போயிற்று என்றும் அக்கணவரிடம் கூறினேன். அவர் மரியாதையாகக் கேட்டார்.

"கடைசி சீன்ல ஒரு தபா மின்னலாட்டம் மூஞ்சி வந்துது ஐயா. இவளாட்டம் கீதேன்னு நெனச்சேன். அப்புறம் காணோம். கொரலும் ஒரு மாதிரி இவ கொரல்தான். ஆனா இவ அப்டி பேச மாட்டாளே. அது வேற தமிழு." என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "இவ மனசு நோவக் கூடாதுன்னு சொல்றீங்க. பெரியவங்க."

"அம்மா, ஒரு வரி சொல்லிக் காட்டுங்கள்" என்றேன்.

வாயில் விளக்கின் கீழ் அப்பெண் நின்றார். வெளிச்சம் முழுவதும் அவர் முகத்தில்தான் இருந்தது. உதட்டை நனைத்துக்கொண்டார்.

"இச்சாளரம் என் கையகலமே, ஆயினும்..."

வேனுக்குள் மீண்டும் சிரிப்பு வெடித்தது. "ஐயோ அக்கா, இன்னாக்கா இது, சாமி வந்துச்சா?"

"போதும், போதும்" என்றார் கணவர். "ஜனம் பாக்குது. ஏறு."

அவர் ஏறினார். கடைசி இருக்கைதான் மிச்சம் இருந்தது. உள்விளக்கை ஓட்டுநர் அணைத்தார். வண்டி திரும்பிச் சாலையில் இறங்கும்போது யார் எங்கே அமர்ந்திருக்கிறார் என்பது தெரியவில்லை.

தோளில் ஒரு கை விழுந்தது. இயக்குநர். கழுத்தில் பொன்னாடை.

"ஐயா, அடுத்த மாசம் நம்ம சித்தூர்லயே இன்னொரு ஷோ கேக்குறாங்க. அந்தம்மா கட்டாயம் வர்றேன்னுட்டாங்க. புது ஹாலு, கியூ எல்லாம் மொதல்லேர்ந்து போடணும். நிக்க ஆளு வேணுமே. கம்பத்தாண்ட சொல்லி வச்சிட்டீங்களா?"

வேன் போய்விட்டது என்றேன்.

"போன்ல சொல்லிக்கலாம்" என்றார். "வந்துடும்."